விடுமலைப்பேட்டை

தொண்ணூறுகளின் நடுவில் சிங்காநல்லூரில் ஒரு கேபிள் டிவி அலுவலகத்தில் எனக்குப் போன் எடுக்கும் வேலை. காலையில் கருமத்தம்பட்டியில் பஸ் ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தால், சாயங்காலம் வரை காதில் விழுவது ஒரே வாக்கியம்தான். "ஏனுங்க, படம் வரலீங்க." எந்த வீதி, எத்தனை மணி, என்ன குறை என்று கேட்டுப் புகார் நோட்டில் எழுதுவேன். லைன்மேன் அதைப் பார்த்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். மழை பிடித்தால் போன் ஓயாது. ஊரே என்னிடம் பேசியது. ஆனால் யாரும் என்னோடு பேசவில்லை. அந்தக் கடுப்பு எனக்கு எப்போதும் உண்டு.

எங்கள் முதலாளி ஒரு மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு மொட்டை மாடியில் டிஷ் வைத்து, வீதிவீதியாக வயர் இழுத்தார். சினிமா மட்டும் போட்டால் போதாது, ஊருக்கென்று ஏதாவது செய்ய வேண்டும் என்று ஞாயிறு தவிர தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்குப் பத்து நிமிடம் உள்ளூர்ச் செய்தி ஆரம்பித்தார். எந்த வார்டில் என்றைக்குத் தண்ணீர் வரும், எந்தப் பாலத்தில் வேலை நடக்கிறது, எந்தப் பள்ளியில் ஆண்டு விழா, இப்படித்தான் இருக்கும். படிப்பவர் முகம் திரையில் வராது. முகத்தைக் காட்ட விளக்கு வேண்டும், விளக்குப் போட்டால் அறை சூடாகும், அறை சூடானால் மெஷின் படுத்துக்கொள்ளும். அதனால் வீடியோவும் ஊர்ப் பெயர் எழுதிய அட்டைகளும் மாறி மாறி வர, பின்னால் ஒரு குரல் மட்டும் நேரடியாகப் படித்துக்கொண்டே போகும்.

அந்தக் குரல் புறப்படும் அறை என் மேஜைக்குப் பின்னால் இருந்தது. வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்க, மில்லில் கழித்துப்போட்ட பஞ்சைச் சாக்கில் அடைத்துச் சுவர் நெடுக ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். ஒரு மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் உள்ளே எட்டிப் பார்த்து "ஹலோ" என்றேன். அந்தச் சொல் எங்கேயும் மோதாமல் பஞ்சுக்குள் போய் அப்படியே அடங்கிவிட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் நாலு தறி. நான் பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேசியிருக்கிறேன். மெதுவாகக் கேட்டால் எங்கள் வீட்டில் சோறுகூடக் கிடைக்காது. என் குரல் தனியாக எப்படி இருக்கும் என்பதை இருபத்திரண்டு வயதில் அந்த அறையில்தான் முதன்முதலாகக் கேட்டேன். இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. மறுபடியும் "ஹலோ" என்றேன்.

அதிலிருந்து குரல் என்கிற விஷயமே எனக்குப் பெரிய ஆச்சரியமாகிவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர் கத்தும்போது எந்த எழுத்தை விழுங்குகிறார் என்று பார்ப்பேன். போனில் ஒருவர் பொய் சொல்லும்போது குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனிப்பேன். (ஏறும்.) செய்தி படித்துக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கல்யாணமாகித் திருச்சி போவதாகச் சொன்ன அன்று, யோசிக்காமல் எழுந்து முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"நான் படிக்கட்டுங்களா?"

அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "சென்னையிலிருந்து ஒரு அம்மா வர்றேங்கறாங்க அம்மணி. நல்லாப் பழகின குரலாமா. அடுத்த வாரக் கடசீல பதில் சொல்றேன்னுட்டேன்."

"அதுவரைக்கும் நான் படிச்சுப் பாக்கறனுங்க."

"சரி. இந்த வாரம் பழகிக்குங்க. அடுத்த வாரம் திங்கக்கெழமையிலிருந்து சனிக்கெழம வரைக்கும் படிங்க. தப்பாப் படிக்கறாங்கன்னு ஒரு போன் வரக்கூடாது. வந்துச்சுன்னா சென்னையம்மாவ வரச் சொல்லிப்போடுவேன். அப்பறம் வருத்தப்படக் கூடாது."

அந்தப் போனை எடுத்து நோட்டில் எழுதுவதும் நான்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. செய்தி ஓடும் பத்து நிமிடம் மட்டும் முதலாளியின் மனைவி போன் எடுப்பதாக ஏற்பாடு.

கேமரா, எடிட்டிங், மைக் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்தான். என் வயதுக்காரர். இரண்டு மாதம் மூத்தவர் என்று அவர் சொல்வார், நான் நம்புவதில்லை. அப்பாவை அத்தா என்பார். பழைய டவுனுக்குள் அந்த அத்தாவுக்குத் தையல் கடை. என்னை மைக் முன்னால் உட்காரவைத்து, ஒரு பழைய செய்தியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். முதல் வரியிலேயே சத்தத்தை அளக்கும் மீட்டரின் முள் போய்ச் சிவப்பில் முட்டிக்கொண்டது. அவர் ஹெட்போனைக் கழற்றி எறிந்தார்.

"ஏங்க, மைக்கு இங்கதான் இருக்கு. கருமத்தம்பட்டிக்குக் கேக்கணும்னு கத்த வேண்டியதில்ல."

பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினார். யாரோ ஒரு பெண் சண்டைக்குப் போகிற மாதிரி தண்ணீர் விநியோகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இது யாருங்க?" என்றேன்.

"நீங்கதானுங்க."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மூன்று தடவை போடச் சொன்னேன். ஒருத்திக்குள் எத்தனை குரல் இருக்கும்? வீட்டில் ஒன்று, போனில் ஒன்று, இந்தப் பெட்டியிலிருந்து வரும் இது ஒன்று. இதில் எது என்னுடையது என்று அவரைக் கேட்டேன். அதற்கெல்லாம் தனக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டுத் தாளை வாங்கினார். துணியில் வெட்ட வேண்டிய இடத்தில் அவருடைய அத்தா சாக்பீஸால் கோடு போடுவாராம். அதே மாதிரி மூச்சு வாங்க வேண்டிய இடத்திலெல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்தார். கோட்டுக்குக் கோடு மூச்சு. நடுவில் கூடாது. தாளைப் புரட்டக் கூடாது, சத்தமில்லாமல் பக்கத்தில் நகர்த்த வேண்டும். எண் வந்தால் ஒரு நொடி முன்னதாகவே கண் அதைப் பார்த்திருக்க வேண்டும். இதெல்லாம் இரண்டு நாளில் வந்துவிட்டது.

வராதது இரண்டு. ஒன்று 'ங்க'. "குடிநீர் வழங்கப்படும்" என்று படித்துவிட்டு நிறுத்தினால், வாய் மூடாமல் காத்துக்கொண்டிருக்கும். "படும்ங்க" என்று முடித்தால்தான் அதற்கு நிம்மதி. 'ங்க' போடாமல் பேசினால் யாரையோ வாசலில் நிற்கவைத்துக் கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது. செய்தி படிப்பவர் யாரிடம் பேசுகிறார்? கேட்கிறவரிடம் 'ங்க' என்று சொன்னால் என்ன? நான் கேட்டதும் கேமராக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இன்னொன்று 'வ'. அது என்னிடம் இல்லவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வீடு என்று தாளில் இருந்தால் என் வாயில் ஊடு. விழுந்தது என்றால் உளுந்தது. விட்டார் என்றால் உட்டார்.

"உங்க வாயில வீடே இல்லீங்க. வெறும் ஊடுதான்" என்றார்.

அன்று சாயங்காலம் பக்கத்து லேத் பட்டறைக்காரர் பில் கட்ட வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவர் வாயையும் சும்மா விடவில்லை. வீடு என்று ஒரு தடவை சொல்லச் சொன்னேன். அவர் சிரித்தார். "தெலுங்குல வீடுன்னா 'இவன்'னு அர்த்தமுங்க. ஊட்டுக்காரி கோவிச்சுக்குவா. நாங்களும் ஊடுன்னே சொல்லிக்கறது." எனக்கு அது பொக்கிஷம் கிடைத்த மாதிரி இருந்தது. பஸ்ஸில் வீடு வரும்வரை அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு போனேன்.

ஆனால் சிரித்தால் வேலைக்காகாது. நான் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தேன். என் வாயில் 'உ' வந்தால் அது 'வி'. 'ஊ' வந்தால் அது 'வீ'. இவ்வளவுதான். உடு, விடு. உளுந்துச்சு, விழுந்தது. ஊடு, வீடு. தறி ஓடும் வீட்டில் மூலையில் உட்கார்ந்து இதையே சொல்லிச் சொல்லிப் பழகினேன். சத்தத்தில் என்ன சொல்கிறேன் என்று யாருக்கும் கேட்காதது பெரிய வசதி. அம்மா மட்டும் ஒரு தடவை தறியை நிறுத்திவிட்டு வந்து, "ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா கண்ணு?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சூத்திரம் வேலை செய்தது. கொஞ்சம் அதிகமாகவே செய்தது. வெள்ளிக்கிழமை டீக்கடையில் நின்று, "ரெண்டு விழுந்து வடை குடுங்க" என்றேன். கடைக்காரர் தட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "எதும் உளுகலீங்களே அம்மணி" என்றார். கேமராக்காரர் டீயைத் துப்பிவிட்டார். அன்றிலிருந்து அலுவலகத்தில் உளுந்து வடைக்குப் பெயரே விழுந்த வடை. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அதை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும் புத்தி எனக்கு இல்லை.

திங்கட்கிழமை ஆறரை மணிக்கு மின்விசிறியை நிறுத்தினார்கள். அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கேமராக்காரர் விரலை இறக்கினார். "வணக்கம். உள்ளூர்ச் செய்திகள்" என்றேன். கால் நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. அந்த இரண்டும் ஒரே உடம்பில் இருப்பது எனக்கு அப்போதும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. முடிந்து வெளியே ஓடிவந்து நோட்டைப் பார்த்தேன். இரண்டு புகார். இரண்டும் படம் வரவில்லை என்பதுதான். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் புகாரையும் படித்ததில்லை.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ஒரு போன் இல்லை. புதன்கிழமை நடுச்செய்தியில் மில் சங்கு ஊதியது. பஞ்சு மூட்டையையும் தாண்டி வந்தது. நான் அது ஓயும்வரை நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்ந்தேன். மறுநாள் முதலாளி, "சங்குக்கு மரியாத குடுத்தீங்க, அது சரி" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை. இனிமேல் அந்த நாற்காலி எனக்குத்தான் என்று மனசுக்குள் உட்கார்ந்தே விட்டேன்.

சனிக்கிழமை முதலாளியும் மனைவியும் பொள்ளாச்சியில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டார்கள். அலுவலகத்தில் நானும் கேமராக்காரரும் மட்டும்தான். போன் எடுக்க ஆளில்லை, பத்து நிமிடம்தானே என்று விட்டுவிட்டோம்.

கடைசிச் செய்தி பஸ் பற்றியது. சாலை வேலை நடப்பதால் உடுமலைப்பேட்டை போகும் பஸ்கள் சுற்றிப் போகும், உடுமலைப்பேட்டையிலிருந்து வருபவையும் அப்படியே, உடுமலைப்பேட்டைப் பயணிகள் முன்னதாகவே கிளம்பவும். பெயர் மூன்று தடவை வந்தது. நான் தெளிவாக, மூச்சுக் கோடு தவறாமல், அழுத்தம் திருத்தமாகப் படித்தேன்.

விடுமலைப்பேட்டை என்று.

முதல் தடவை சொன்னபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேமராக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை கையை ஆட்டினார். வேகமாகப் படிக்கிறேன் போலிருக்கிறது என்று, மூன்றாவது தடவை இன்னும் நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக, வி-டு-ம-லை என்றேன். அவர் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அப்போதுதான் மூலையிலிருந்த சின்ன டிவியைப் பார்த்தேன். அட்டையில் கொட்டை எழுத்தில் உடுமலைப்பேட்டை. ஊரெல்லாம் கண்ணால் ஒன்றைப் பார்த்துக் காதால் இன்னொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"வணக்கம்" சொல்லி முடிக்கும்போதே கதவுக்கு வெளியே போன் அடிப்பது லேசாகக் கேட்டது. நிற்கவில்லை. நான் வெளியே வந்து மேஜையை அடையும்வரை அடித்துக்கொண்டே இருந்தது. பழக்க தோஷம், எடுத்துவிட்டேன்.

"ஏனுங்க, கேபிள் ஆபீசுங்களா?" பெரியவர் குரல். கோபமில்லை, வருத்தம்தான். "நியூஸ் படிக்கற அம்மணிக்கு உடுமலை தெரியாதுங்களா?"

"ஏனுங்க, என்னாச்சுங்க?" என்றேன். எல்லாம் தெரிந்துகொண்டே கேட்டேன்.

"விடுமலங்கறாங்க. மூணு தடவ. நான் பொறந்த ஊருங்க அது. ஒருவேள நான்தான் தப்பாக் கேட்டனோன்னு பாத்தா, எம்பட ஊட்டுல அல்லாரும் சிரிக்கறாங்க."

"தப்புத்தானுங்க. மன்னிச்சுக்குங்க."

"நீங்க எதுக்குங்க மன்னிப்புக் கேக்கறீங்க? நீங்க போன் எடுக்கறவிய. அந்த அம்மணி வெளியூருங்களாட்டம் இருக்குது. சென்னையா?"

"இல்லீங்க" என்று மட்டும் சொன்னேன். அது அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது.

"நல்ல கொரலுதானுங்க, குத்தஞ் சொல்லல. ஆனா நம்ம ஊரு தெரியாதவங்க நம்ம ஊரு சேதிய எப்படிங்க படிப்பாங்க? நம்ம ஊர்ப் புள்ள ஒண்ணப் போடச் சொல்லுங்க. உங்களாட்டம் ஒரு புள்ள இருந்தாப் போதும். எழுதிக்குங்க."

பேரையும் வீதியையும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நோட்டு திறந்திருந்தது. கேமராக்காரர் வந்து மேஜையில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னார். "முதலாளி ஊர்ல இல்ல. வந்தது ஒரே ஒரு போன். எழுதாதீங்க."

சொல்லப்போனால் அவர் சொல்வதற்கு முன்பே எனக்கு அது தோன்றிவிட்டது. பேனாவை மூடிக்கூட வைத்துவிட்டேன். ஆனால் அந்தப் பெரியவர் "எழுதிக்குங்க" என்று சொன்ன குரல் காதிலேயே நின்றது. மூன்று வருஷமாக இந்த நோட்டில் ஒரு புகாரையும் நான் விட்டதில்லை. நான் ஒழுங்காகச் செய்த வேலை என்று ஊரில் இருந்தது அது ஒன்றுதான். ஆசையும் இருந்தது, அழுகையும் வந்தது, ஆனாலும் எழுதினேன். 'செய்தி படிப்பவருக்கு உடுமலை தெரியவில்லை. வெளியூர் போல் உள்ளது. நம்ம ஊர்ப் பெண்ணைப் போடவும்.'

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. எந்த எழுத்து எப்படி வெளியே வருமோ என்று எனக்கே பயமாக இருந்தது. அதே சமயம் ஒரு குறுகுறுப்பும் விடவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான் ஒரு வாரத்தில் சென்னைக்காரி ஆனது எப்படி? ஊடு என்றே படித்திருந்தால் உடுமலை தப்பித்திருக்கும். வீட்டைச் சரிசெய்யப் போய் ஊரைத் தொலைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் முதலாளி வழக்கம்போல நோட்டை எடுத்துச் சத்தமாகப் படித்தார். படம் வரவில்லை, படம் வரவில்லை, புள்ளி புள்ளியாக வருகிறது. அப்புறம் நிறுத்தினார். மறுபடியும் ஒரு தடவை, வாய்க்குள்ளேயே படித்தார்.

"போன் எடுத்தது யாருங்க?"

"நானுங்க."

"எழுதுனது?"

"நானேதானுங்க."

நோட்டை மூடி மேஜையில் வைத்தார். "ஒரு போன் வந்தாச் சென்னையம்மான்னு சொன்னேன். போனும் வந்துபோச்சு" என்றார். நான் தலையாட்டினேன். "ஆனா வெளியூர் வேண்டாம்னு போன் பண்ணுனவருக்குச் சென்னையம்மாவப் போட்டா நல்லாவா இருக்கும்?" சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "இன்னிக்குத் திருத்தம் வாசிச்சுப்போடுங்க. மிச்சத்த நாளைக்குப் பாக்கலாம்."

அன்று சாயங்காலம் தாளின் மேலேயே திருத்தம் இருந்தது. 'உடுமலைப்பேட்டை என்பது சனிக்கிழமைச் செய்தியில் தவறாக வாசிக்கப்பட்டது. வருந்துகிறோம்.' நான் சூத்திரத்தை மறந்துவிட்டு உட்கார்ந்தேன். யாரிடம் படிக்கிறேன் என்று இந்தத் தடவை எனக்குத் தெரியும். ஒரு வீட்டில் ஒரு பெரியவர் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் பிறந்த ஊரின் பெயரை அவரிடம் ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உடுமலைப்பேட்டை. 'உ' அதன் இடத்தில் அழகாக வந்து நின்றது. வாசிக்கப்பட்டது, கோடு, மூச்சு.

"வருந்துகிறோமுங்க" என்றேன்.

வந்துவிட்டது. இத்தனை நாள் வாசலில் நிறுத்திவைத்திருந்த 'ங்க' தானாகக் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேமராக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். எனக்கு மட்டும் ஏனோ அது தவறு என்றே தோன்றவில்லை. மிச்சச் செய்திகளை அவசரமில்லாமல் படித்து முடித்தேன்.

வெளியே வந்தபோது முதலாளியின் மனைவி போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார். "உங்ககிட்டத்தான் பேசணுமாமா. சனிக்கெழம போன் எடுத்த அம்மணி வேணுங்கறாரு."

"சொல்லுங்க" என்றேன்.

"சொன்ன ஒடனே மாத்திப்போட்டீங்களே அம்மணி!" பெரியவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "புதுசா வந்த புள்ள நம்ம ஊருதானுங்க, கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு. இதையே வெச்சுக்குங்கன்னு எழுதிக்குங்க."

முதலாளி எதிரில் நின்றுகொண்டிருந்தார். நான் நோட்டை இழுத்து, அவர் பார்க்கும்படியே எழுதினேன். பெரியவர் போனை வைக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பழைய அம்மணி பாவமுங்க. என்னால வேல போயிருச்சோன்னு ராத்திரி தூக்கமில்ல. வேற ஏதாச்சும் வேல போட்டுக் குடுத்தீங்களா?"

"குடுத்தாச்சுங்க" என்றேன். "போன் எடுக்கறாங்க."